கடையாண்டாருக்கு உப்பு

எனக்கும் அந்த ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, நர்ஸம்மா. அதை மொதல்ல எழுதிக்கோங்க. பொறவு உக்காருங்க. அந்த சேருக்குக் கால் ஆடும், செவுத்தோட ஒட்டிப் போட்டு உக்காருங்க.

பேரு தெரியாது. ஊரு தெரியாது. அளத்துல எல்லாரும் ஊமையன்னு கூப்புடுவாங்க. நான் அப்படிக்கூடக் கூப்புட்டது இல்ல. கூப்புட்டாத்தான சம்பந்தம்னு ஆகும்? முப்பத்தோரு வருசமா இந்த ஊரு உப்பளத்துல உப்பு வாரிட்டுக் கெடக்கான். காது கேக்கும், வாய் பேச வராது. வடக்க தள்ளி ஒரு குடிசை இருக்கு, அங்கன ஒத்தையா கெடப்பான். நேத்து பாத்தியிலயே மயங்கி விழுந்துட்டான், நூத்தியெட்டு வண்டி வந்து ஏத்திட்டுப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோட சரி. நான் எட்டிப் பாக்கல. நான் எதுக்குப் பாக்கணும்?

என்ன சொல்லுதீங்க? சொந்தக்காரங்க யாருன்னு ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு, காலுல தண்ணி ஊத்துற மாதிரி கையைக் காட்டுனானா?

தெரியல எனக்கு. அளத்துல போயி விசாரிச்சீங்களாக்கும். தங்கபுஷ்பத்துக்குத்தான் தெனமும் தண்ணி கொண்டாந்து வைப்பான், அங்க போயிக் கேளுங்கன்னு சொன்னாங்களாக்கும். யாரு, என்கூட உப்பு வாருற சொர்ணக்கனியா? அவ வாய்க்குப் பூட்டுப் போட ஆளு இல்ல. சரி, சொன்னது சொன்னதுதான்.

மிசின்ல அவன் வெரலை வச்சா ரேகையே விழலங்கீங்க. அதுல அதிசயப்பட ஒண்ணுமில்ல. உப்பு வாருறவ எவளுக்கும் ரேகை விழாது. ரேஷன் கடையில எனக்கும்தான் விழ மாட்டேங்குது, தொடைச்சுத் தொடைச்சு வைங்கன்னு உயிரை எடுப்பான். அதனால அதை வச்சு ஒண்ணும் யோசிக்காதீங்க.

தண்ணி எதுக்கு வைக்கான்னா... அதைச் சொல்லணும்னா கோயிலைச் சொல்லணும். நீங்க மாத்தலாகி வந்து ஒரு மாசம்கூட ஆகல, உங்ககிட்டச் சொல்லலாம். இந்த ஊருக்காரிகிட்ட இதை வாயைத் திறந்து சொல்ல முடியாது. நீங்க எழுதுறதைக் கொஞ்சம் கீழ வச்சிட்டுக் கேளுங்க.

வரும்போது அளத்துக்கும் கடலுக்கும் நடுவுல ஒத்தையா ஒரு கல்லுக் கட்டடம் பாத்திருப்பீங்க. கோபுரம் இருக்காது, மணி இருக்காது. அதுதான் கடையாண்டார் கோயில். கோயில்னு வாய்ல சொல்லுதோம், கும்புட யாரும் போறதில்ல. அவரு சாமி இல்ல நர்ஸம்மா. உலகம் முடியிற அன்னைக்கு எந்திரிச்சு வந்து எல்லாத்தையும் முடிச்சு வைக்கிற ஆளு. அந்த நாளு வர்ற வரைக்கும் அங்கன உக்காந்திருக்காரு. சாவு கெடையாது, ஆனா பசி உண்டு. அதனால தெனம் மத்தியானம் ஒரு வேளைச் சோறு போகும். எங்க குடும்பத்துப் பொம்பளதான் பொங்கிக் கொண்டு போகணும், அதுவும் புருசன் இல்லாதவ. புருசன் இருக்கவ போனா புருசனை மறந்துருவாளாம். இதைக் கேட்டு எங்க ஊரு ஆம்பளைங்க எல்லாம் சிரிப்பாங்க, ஆனா ஒருத்தனும் பொண்டாட்டியை அந்தப் பக்கம் அனுப்ப மாட்டான்.

அந்தச் சோத்துல உப்பு போடக் கூடாது. ஊரைச் சுத்தி உப்புதான், காத்துல உப்பு, கட்டுன சேலையில உப்பு. அந்த ஒரு வாசப்படிக்குள்ள மட்டும் ஒரு கல்லு உப்பு போகக் கூடாது. அதனால படியேறுமுன்ன நல்ல தண்ணியில மூணு தடவ காலைக் கழுவணும். நல்ல தண்ணிக்கு ரெண்டு மைல் நடக்கணும், தெரியும்ல. கழுவிட்டு, முகத்தைக் காட்டாம முதுகைக் காட்டிக்கிட்டே உள்ள போயி, தட்டை வச்சிட்டு, பேசாம வந்துரணும். உப்பு பட்டா சொரணை வரும், சொரணை வந்தா எந்திரிச்சிருவாருன்னு எங்க அத்தை சொன்னாவ. எனக்கு முன்ன அவியதான் பொங்கிக் கொண்டு போனாவ. அவிய காலமானதும் அந்தப் பானை என் தலையில விழுந்துச்சு.

எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. எம் புருசன் உப்பு லோடு லாரி கவுந்து போயிச் சேந்தாரு. ஒண்ணரை வருசம் குடும்பம் நடத்துனோம். அவரு முகம் இப்ப எனக்கு நெனப்புல இல்ல. அதுக்கும் எனக்கு வெக்கம்தான். ஆதிலிங்கம்னு ஒரு அண்ணன், அவிய வீட்டுக்குத் திரும்பி வந்தேன். சுயம்புக்கனின்னு மதினி. அடிக்க மாட்டா, திட்ட மாட்டா. என்கூடப் பேச மாட்டா, அவ்வளவுதான். ஏதாவது வேணும்னா செவுத்தைப் பாத்துச் சொல்லுவா.

ரெண்டு வருசம் ஒழுங்காத்தான் போயிட்டு வந்தேன். ஒரு தை மாசம், மதினி சீப்பை எடுத்து ஒளிச்சு வச்சிட்டா. தாலியறுத்தவளுக்குச் சீப்பு எதுக்குன்னு செவுத்துகிட்டச் சொன்னா. அன்னைக்குக் கோயில்ல தட்டை வச்சிட்டு, எனக்குன்னு ஒரு சீப்புகூட இல்லன்னு வாய்க்குள்ளயே சொன்னேன். முதுகுக்குப் பின்னால சத்தம் கேட்டுச்சு.

"அப்புறம்?"

வேற ஏதாவது சொல்லியிருந்தா ஓடியிருப்பேன் நர்ஸம்மா. அப்புறம்னு கேட்டா எப்படி ஓடுறது? ரெண்டு வருசமா என்கிட்ட ஒரு சனம் அப்புறம்னு கேக்கல. நானும் நின்ன நெலையிலயே மிச்சத்தைச் சொல்லிட்டேன். மறுநாளும் கேட்டாரு. சீப்பு முடிஞ்சு, மதினி முடிஞ்சு, எம் மாமியா முடிஞ்சு, நான் மூணாங்கிளாஸ்ல கீழ விழுந்தது வரைக்கும் சொல்லியாச்சு. எதைச் சொன்னாலும் கடைசியில ஒரு அப்புறம். ஒரு நாளு எனக்கே சிரிப்பு வந்து, எல்லாத்தையும் முடிச்சு வைக்கிறவருக்கு எதுக்கு இந்த அப்புறம்னு கேட்டேன். எனக்கு முடிவு மட்டுந்தான் தெரியும், முடிவுக்கு முன்னால என்ன நடக்கும்னு யாரும் சொன்னதில்லன்னாரு.

பங்குனியில ஒரு நாளு திரும்பிப் பாத்துட்டேன். பயங்கரமா இருக்கும்னு நெனச்சேன். சாதாரண முகம். கறுப்பா, மெலிவா, ரொம்ப நாளு தூங்காதவரு மாதிரி. கையிலதான் வித்தியாசம் இருந்துச்சு. உள்ளங்கையில ஒரு கோடு இல்ல, வெரலுல ரேகை இல்ல, கழுவிக் கவுத்துன பீங்கான் மாதிரி இருந்துச்சு. ஏன்னு கேட்டேன். எனக்கு ஒண்ணும் எழுதலன்னாரு.

இதுக்கு முன்ன எத்தன உலகத்தை முடிச்சீருன்னு கேட்டேன். மூணுன்னாரு. ஒண்ணு தண்ணியில, ஒண்ணு காத்துல, ஒண்ணு தீயில. சோறு எப்படிப் பொங்குறதுன்னு சொல்லுற மாதிரி சொன்னாரு. சனங்க இருந்தாங்களான்னேன். இருந்தாங்கன்னாரு. அழுதாங்களான்னேன். சத்தம் கேட்டுச்சு, எனக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணும் அதுல இல்லன்னாரு.

இதைக் கேட்டதும் ஒருத்தி என்ன செய்யணும்? தட்டைப் போட்டுட்டு ஓடி வரணும். நான் மறுநாளு கொண்டைக்குள்ள மல்லிகைப்பூ ஒளிச்சு வச்சிக்கிட்டுப் போனேன். அதுதான் எனக்கு வெக்கம். எத்தன பிள்ளைங்க, எத்தன வாயில்லாச் சீவன், அத்தனையும் முடிச்சவருன்னு தெரிஞ்சே பூ வச்சிக்கிட்டுப் போனேன். நல்லா வாசமா இருக்கு, இது எப்ப முடியும்னு கேட்டாரு. சாயங்காலம் வாடிரும்னேன். அன்னைக்குப் பொழுதுக்கும் அதையே பாத்துட்டு இருந்தாரு.

தொட்டாரான்னு கேக்கீங்க. கேக்கலையா? உங்க முகம் கேக்குது. ஒரே ஒரு தடவ. என் பாதத்தைத் தொட்டுப் பாத்தாரு. அளத்துல நின்னு நின்னு வெடிச்சுக் கெடந்துச்சு, ஒரு வெடிப்புல ரத்தம் வேற. இது என்னன்னாரு. உப்பு தின்னுருச்சுன்னேன். நான் முடிச்ச உலகத்துல எல்லாம் சனங்களுக்குக் காலு இருந்துச்சான்னுகூட நான் பாக்கலியேன்னு சொன்னாரு. அந்த வார்த்தையிலதான் நான் விழுந்தேன். இந்த மாதிரி ஒரு வார்த்தையில விழுவாளா ஒருத்தின்னு உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். சிரிங்க. எனக்குக் கோவம் வராது.

ஆனி மாசம் எங்க அண்ணன் மகளுக்குச் சடங்கு. பந்தல் போட்டு, ரேடியோ செட்டு கட்டி, ஊரே வந்திருந்துச்சு. நான் பின்கட்டுல பாத்திரம் வெளக்கிட்டு இருந்தேன். மதினி எதுக்கோ வந்தவ குனிஞ்சா, நின்னா, மூக்கை உறிஞ்சா. என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிப் பந்தலுக்கு நடுவுல நிறுத்திட்டா. கொண்டைக்குள்ள வெரலை விட்டு, அன்னைக்கும் நான் ஒளிச்சு வச்சிருந்த பூவை உருவி, எல்லாரும் பாக்கத் தூக்கிக் காட்டுனா. அன்னைக்குத்தான் என் மூஞ்சியைப் பாத்துப் பேசுனா.

"எவனுக்குடி வச்சிருக்க?"

எரநூறு பேரு. ஒருத்தர் வாயும் தொறக்கல. எங்க அண்ணனைப் பாத்தேன். அவிய தரையைப் பாத்தாவ.

உச்சி வெயில், சோறு கொண்டு போற நேரம். நேரா அடுப்படிக்குப் போனேன். கடையாண்டாருக்கு எடுத்து வச்ச பச்சரிச் சோத்துல, உப்பு மரவையிலருந்து ஒரு கை அள்ளிப் போட்டுப் பெசஞ்சேன். ஒரு கல்லு இல்ல, ஒரு கை. காலு கழுவல. காலையில அளத்துல நின்ன காலு, கணுக்கால் வரைக்கும் வெள்ளையா உப்பு படிஞ்சு கெடந்துச்சு. அப்படியே படியேறி, முகத்தைக் காட்டிக்கிட்டே உள்ள போனேன். திங்கச் சொன்னேன். தின்னாரு. மொதோ வாய்லயே முகம் மாறிப் போச்சு. கண்ணுலருந்து தண்ணி இறங்குச்சு, அதைத் தொட்டு நாக்குல வச்சுப் பாத்தாரு. அதுலயும் அதே ருசி இருக்குன்னு சொன்னாரு. நான் அதைக் காதுல வாங்கல.

"எந்திரியும். எல்லாத்தையும் முடிச்சிரும். ஒண்ணு மிச்சம் வைக்காதீரும்."

இந்த வாய்தான் சொல்லுச்சு நர்ஸம்மா. இந்த வாய வச்சிக்கிட்டுத்தான் உங்களுக்கு மோரு வேணுமான்னு கேட்டேன்.

எந்திரிச்சாரு. கதவு தன்னால தொறந்துச்சு. வெளியில வெயில் வெயிலா இல்ல, சாம்பல் கலருல கெடந்துச்சு. கடல் பின்னால போயிருந்துச்சு, எவ்வளவு தூரம்னா, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் சேறு, அதுல மீனு துள்ளல. பாத்தியில நின்ன நாரை எல்லாம் நின்னது நின்னபடி இருந்துச்சு. அவரு காலு வச்ச எடத்துல இருந்த வேலிக்கருவை பொசுக்குன்னு பொடியாச்சு. எரியல, பொகையல, பொடியாப் போச்சு. நான் பின்னால நடந்தேன். எனக்குப் பயம் இல்ல. சந்தோசமா இருந்துச்சு. இதையும் எழுதணும்னா எழுதிக்கோங்க.

ஊருக்குள்ள வந்தோம். ரேடியோ செட்டுப் பாட்டு பாதியில நின்னு போயிருந்துச்சு. சனங்க எல்லாம் கண்ணைத் தொறந்துக்கிட்டே அசையாம நின்னாங்க. மதினி அந்தப் பூவைத் தூக்குன கையோட நின்னா. எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்னு என்கிட்டக் கேட்டாரு. மதினியைக் காட்டலாம்னு கையைத் தூக்குனேன். அப்பதான் எங்க அண்ணனைக் காணோமேன்னு தேடுனேன். பந்தலுக்குப் பின்னால, வெறகு அடுக்குன எடத்துல குத்த வச்சு, அவியளும் அசையாம உக்காந்திருந்தாவ. தோள்ல கெடந்த துண்டை வாய்க்குள்ள திணிச்சு வச்சிருந்தாவ, சத்தம் வெளிய கேக்காம. கன்னமெல்லாம் ஈரம். எனக்காக அழுதுட்டு இருந்தாவ, நர்ஸம்மா. எல்லாரும் பாக்க அழத் தெம்பு இல்லாத மனுசன், ஒளிஞ்சு அழுதிருக்காவ.

வேண்டாம்னு சொன்னேன். என்ன வேண்டாம்னாரு. ஒண்ணும் முடிக்க வேண்டாம், திரும்பிப் போயி உக்காரும்னேன்.

"எந்திரிச்சவன் சும்மா உக்கார முடியாது, புஷ்பம். ஏதாவது ஒண்ணு முடியணும்."

சொல்லிட்டு என் முகத்தைப் பாத்தாரு. நானும் அவரைப் பாத்தேன். அங்கனதான் நான் சொல்லியிருக்கணும். நாந்தான எழுப்பிவிட்டேன்? அப்ப என்னை முடிச்சிரும்னு சொல்லியிருக்கணும். ரெண்டு வார்த்தை. எம் புருசன் போன அன்னைக்கு நானும் போறேன்னு உருண்டு பொரண்டு அழுதவதான் நான். அன்னைக்கு அந்த ரெண்டு வார்த்தை வாயில வரல. எவ்வளவு நேரம் காத்திருந்தாருன்னு தெரியாது. அதுக்குப் பொறவு லேசாச் சிரிச்சாரு. சரி, எனக்குத்தான் முடிவுன்னு ஒண்ணு இல்லாம இருந்துச்சு, அது முடியட்டும்னாரு.

கடல் வந்துருச்சு. பாட்டு விட்ட எடத்துலருந்து பாடுச்சு. வெயில் சரியாச்சு. நாலஞ்சு பேருக்கு மட்டும் தலை சுத்துச்சுன்னு சொல்லி, பந்தியில போட்ட சாம்பாரு மேல பழியைப் போட்டாங்க. மதினி பூவைக் குப்பையில வீசிட்டுப் போயிட்டா. நான் கோயிலுக்கு ஓடிப் போயிப் பாத்தேன். உள்ள யாரும் இல்ல. தட்டு மட்டும் இருந்துச்சு, ஒரு பருக்கை மிச்சம் இல்லாம.

அன்னைலருந்து இன்னைக்கு வரைக்கும் அந்தக் காலி அறைக்குத்தான் சோறு கொண்டு போறேன். ஊருக்கு நான் சொல்லல. என்ன சொல்லுவேன்? கடையாண்டார் இருக்காரு, தங்கபுஷ்பம் காவல் இருக்கா, அதனால உலகம் ஓடுதுன்னு நெனச்சு எனக்கு மரியாதை குடுக்காங்க. மதினிகூட, போன வருசம் சாகக் கெடக்கையில என் கையைப் புடிச்சு, நீ பெரிய மனுசி, என்னை மன்னிச்சிருன்னு சொன்னா. அவ கழுத்தைக் காட்டிக் குடுக்கப் போன என் கையைப் புடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டா. எனக்கு அந்தக் கட்டில்லயே பூந்து ஒளிஞ்சிக்கிடலாம் போல இருந்துச்சு.

இந்த ஊமையனா? ஆடியில வந்தான். சடங்கு முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். எங்கிருந்து வந்தான்னு யாருக்கும் தெரியாது. கங்காணி பேரு கேட்டிருக்காரு, வாயைத் தொறந்து காட்டியிருக்கான், சத்தம் வரல. சரி, வாய் இல்லாட்டி என்ன, கை இருக்குல்லன்னு வாருபலகையைக் குடுத்துட்டாரு. மொதோ நாளே கையெல்லாம் பிஞ்சு ரத்தம். பச்சப் பிள்ளை கை மாதிரி இருக்குன்னு பொம்பளைங்க எல்லாம் பேசிக்கிட்டாங்க. நான் கிட்டப் போகல. அந்த வாரத்துலருந்து கோயில் படிகிட்ட ஒரு குடம் நல்ல தண்ணி இருக்கும். நான் போறதுக்கு முன்னயே இருக்கும். ரெண்டு மைல் நடந்து போயித் தூக்கிட்டு வரணும். மழையோ வெயிலோ, ஒரு நாளு தவறினது கெடையாது.

அந்தத் தண்ணியிலதான் காலைக் கழுவுவேன். வெடிப்புல படுறப்ப இதமா இருக்கும். யாரு கொண்டாந்து வச்சான்னு திரும்பிப் பாக்க மாட்டேன். முதுகைக் காட்டிட்டு நடக்கதுதான் எனக்குப் பழக்கம்ல.

ஒரு தடவ மட்டும் பாத்துட்டேன். குடத்தை இறக்கி வச்சிட்டு நிமிந்தான், கை விரிஞ்சிருந்துச்சு. உள்ளங்கை பூரா வெடிப்பு, குறுக்கும் நெடுக்குமா. எங்களுக்கெல்லாம் உப்பு இருக்குற ரேகையை அழிச்சுச்சு. அந்தக் கையில மட்டும் உப்புதான் ரேகை போட்டிருந்துச்சு.

ஆமா. தெரியும். மொதோ நாளே தெரியும். தூரத்துலருந்து அவரு நடக்கதைப் பாத்தே தெரியும்.

ஏன் போயிப் பேசலன்னு கேக்காதீங்க. எந்த முகத்தை வச்சிக்கிட்டுப் போறது? ஊரையே முடிக்கச் சொன்னவ. அவரு காத்து நின்னப்ப ஒரு வார்த்தை சொல்லாதவ. இதெல்லாம் பெருசு, இதைச் சொன்னா நீங்களே பாவம்னு சொல்லிருவீங்க. இதுக்கும் கீழ ஒண்ணு இருக்கு. அதை இதுவரைக்கும் நான் எனக்கேகூடச் சொல்லிக்கிட்டது இல்ல. உலகத்தை முடிக்கிற ஆளை விரும்புனப்ப எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு நர்ஸம்மா. ஊரே நடுங்குற ஆளு, என் மல்லிகைப்பூவைப் பாத்துட்டு உக்காந்திருக்காருன்னு. அந்த ஆளு இடுப்புல கிழிஞ்ச துண்டைக் கட்டிக்கிட்டு, கறுத்துச் சுருங்கி, கங்காணிகிட்ட ஏச்சு வாங்கிட்டு நின்னப்ப, இவருதான் எம் மனுசன்னு ஊரு முன்னால சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. எனக்காகத்தான் அப்படி ஆனாருன்னு தெரிஞ்சே கூச்சப்பட்டேன். இதுதான் நெசம். மத்தது எல்லாம் இதை மூடி வைக்கதுக்குச் சொன்னது.

ஒண்ணு மட்டும் செஞ்சேன். அடுத்த வருசத்துலருந்து அந்தச் சோத்துல உப்பு போட ஆரம்பிச்சேன். காலி அறைதான, யாருக்கு என்னன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மத்தியானம் வச்சிட்டு வருவேன், மறுநாளு போறப்ப தட்டு சுத்தமா இருக்கும். நாய் தின்னிருக்கும்னு நெனச்சுக்கிடுவேன். நாய் தட்டைக் கழுவிக் கவுத்தி வைக்குமா நர்ஸம்மா? முப்பது வருசமா கவுத்தி வச்ச தட்டைத்தான் நிமித்திச் சோறு போடுதேன். போட்டுட்டு, நாய்தான், நாய்தான்னு சொல்லிக்கிட்டே திரும்பி வருவேன்.

இப்ப எப்படி இருக்காரு?

கிட்னி ரெண்டும் போச்சா. உப்பு... வெயிலு, தண்ணி குடிக்காம வேலை, அதோட உப்பு. டாக்டர் சொன்னாராக்கும். இன்னும் எத்தன நாளுன்னு சொன்னாரா? சரி, சொல்ல வேண்டாம். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது.

சாப்பிட மாட்டேங்காரா? ஏன், என்ன குடுத்தீங்க?

உப்பில்லாச் சோறா.

உப்பில்லாச் சோத்தையா அவருக்குக் குடுத்தீங்க? உங்களைக் கொற சொல்லல. ஆஸ்பத்திரிப் பத்தியம் அது, உங்களுக்கு என்ன தெரியும். தட்டைப் பாத்ததும் முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரா? திருப்பத்தான் செய்வாரு. எத்தன உலகமாத் தின்ன சோறு அது. மறுபடியும் அங்க கொண்டு போயி உக்கார வச்சிட்டாங்கன்னு நெனச்சிருப்பாரு. நான் முகத்தைக் காட்டாத இந்த வருசமெல்லாம் சும்மா போச்சுன்னு நெனச்சிருப்பாரு.

இருங்க. இன்னைக்குக் கோயிலுக்குப் பொங்குன சோறு அடுப்புமேலதான் இருக்கு, நான் இன்னும் உப்பு போட்டுக் கொண்டு போகல. காலையில சும்மா எட்டிப் பாக்கப் போனேன், படிகிட்டக் குடம் இல்ல. காலைக் கழுவாம எப்படிப் போறதுன்னு திரும்பி வந்துட்டேன். பாருங்க, ஒருத்தரு மயங்கி விழுந்து கெடக்காரு, நான் குடத்தைக் காணோமேன்னு நின்னிருக்கேன்.

தூக்குச்சட்டியில போட்டு எடுத்துக்கிடுதேன். உப்பு கூடாதுதான், எனக்கும் வெளங்குது. ஒரு கல்லு. ஒரே ஒரு கல்லு போடுதேன், டாக்டர்கிட்ட நீங்க சொல்லாதீங்க. சொல்லணும்னா சொல்லுங்க, ஏசட்டும். முடியுற நேரத்துல தெரிஞ்ச முகம் ஒண்ணு இல்லன்னு சொன்னாரு அந்த மனுசன், முப்பத்தோரு வருசத்துக்கு முன்ன. தெரிஞ்ச முகம் இங்க உக்காந்து, எனக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தம் இல்லன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு இருந்திருக்கு.

எனக்கு அவருகிட்டச் சொல்ல நெறைய இருக்கு. எங்க அண்ணன் போனது, மதினி மன்னிப்புக் கேட்டது, சடங்கு வச்ச பிள்ளைக்குப் பேரன் பொறந்தது. அவரால அப்புறம்னு வாயைத் தொறந்து கேக்க முடியாது, ஆனா காது கேக்கும். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் அப்புறம்னு நானே கேட்டுக்கிட்டு, நானே சொல்லிக்கிடுதேன்.

அந்தக் காயிதத்தைக் குடுங்க. மேல எழுதுனதை அடிச்சிருங்க. பேருங்கிற எடத்துல கடையாண்டின்னு எழுதுங்க. வயசு எழுதாதீங்க, எழுதுனா உங்களைத்தான் சிரிப்பாங்க. உறவுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதை மட்டும் விட்டு வைங்க. அவரு முன்னால வச்சு, வார்டுல இருக்குற எல்லாரும் பாக்க, நானே எழுதுதேன். வீட்டுக்காரர்னு எழுத எனக்குத் தெரியும். மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன்.

கொஞ்சம் இருங்க, செருப்பைப் போட்டுட்டு வாரேன். காலு கழுவல. இன்னைக்கு இப்படியே வாரேன்.